டிக்காய் வைத்து வாத்து வேட்டை: எந்த நம்பர் ரவை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நவம்பர் பிறந்துவிட்டால், தண்ணீர் நிற்கும் வயல்களிலும் சதுப்புகளிலும் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, மறைவில் உட்கார்ந்து காட்டு வாத்து சுடும் காலம். பொம்மை வாத்தை இங்கே டிக்காய் என்பார்கள். இந்த வேட்டையில் புதிதாக இறங்கும் நம் ஆட்கள் தோட்டாக் கடை அலமாரி முன்னால் நின்றுகொண்டு போன் போட்டுக் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். நான் பழகியது ஆர்கன்சா மாநிலத்து நெல் வயல்களும், தண்ணீர் தேக்கிய ஓக் காடுகளும். அதனால் பதில்களும் அந்தப் பக்கமாகவே சாயும்.

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள், எந்தத் தோட்டா வாங்க?

12 கேஜ் துப்பாக்கி (ஊரில் 12 போர் என்பது இதுதான்), 3 அங்குலத் தோட்டா, 1¼ அவுன்ஸ் ஸ்டீல் ரவை (தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சிறு உருண்டைகள்), நம்பர் 3. கடையில் 3 இல்லையென்றால் 2. காட்டுக்குள் 30 கெஜத்துக்குள்தான் சுடப்போகிறீர்கள் என்றால் 4. மல்லார்ட், கேட்வால், ஊசிவால் என்று டிக்காய்க்கு இறங்கும் பெரிய வாத்துகளுக்கு இது போதும். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் மேலே படியுங்கள்.

நம்பர் ஏற ஏற ரவை ஏன் சின்னதாகிறது?

அமெரிக்க அளவுமுறை அப்படி. 17-இலிருந்து ரவை நம்பரைக் கழியுங்கள். வருவதுதான் விட்டம், அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். நம்பர் 2 என்றால் 0.15 அங்குலம், 4 என்றால் 0.13, 6 என்றால் 0.11. நம்பர் 1-ஐவிடப் பெரிய ரவைக்கு எழுத்துகள் வந்துவிடும்: பிபி 0.18, பிபிபி 0.19, டி 0.20. ஐரோப்பிய எண்கள் இதோடு ஒத்துப்போகாது. வெளிநாட்டுப் பெட்டி கைக்கு வந்தால் மில்லிமீட்டரைப் பாருங்கள். 3.8 மி.மீ. நமது நம்பர் 2, 3.3 மி.மீ. நமது நம்பர் 4.

ஈய ரவை ஏன் கூடாது? மலிவாகவும் கனமாகவும் இருக்கிறதே?

அமெரிக்கா முழுவதும் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை. கனடாவில் 1999 முதல். நீர்ப்பறவை சுடப் போகும்போது பையில் ஈயத் தோட்டா இருந்தாலே குற்றம். போன வாரம் புறா சுட்டபோது மிச்சமானது என்று சொல்லித் தப்ப முடியாது. கிளம்பும் முன் கோட்டுப் பைகளைத் துழாவிப் பாருங்கள்.

இந்தத் தடையை வெறும் அரசாங்கக் கெடுபிடியாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாத்துக்குப் பல் கிடையாது. விழுங்கிய தானியத்தை அரைக்க, சிறு கற்களையும் சேர்த்து விழுங்கும். அந்தக் கற்கள் இரைப்பையில் தங்கி விதைகளை அரைக்கும். பல தலைமுறை வேட்டைக்காரர்கள் சுட்ட ஈய ரவை குளத்துச் சேற்றில் கிடக்க, வாத்துகள் அதையும் விதை என்றோ கல் என்றோ எடுத்து விழுங்கின. இரைப்பையில் ஈயம் தேய்ந்து ரத்தத்தில் கலக்கும். பறவை மெலிந்து, சிறகு தொங்கி, நாணலுக்குள் ஒதுங்கிச் செத்துவிடும். இல்லினாய்ஸ் மாநிலத்தில் வாத்துகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்த ஃபிராங்க் பெல்ரோஸ் 1959-இல் ஒரு கணக்குச் சொன்னார்: வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் இப்படியே சாகின்றன. பறவைகள் கோடிக்கணக்கில் வலசை போகிற நாட்டில் அது லட்சக்கணக்கான சாவு. காயம்பட்ட வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் ஈயத்தால் செத்தன. தடை வந்தபிறகு மிசிசிப்பி வழியில் வலசை போகும் மல்லார்ட்களில் ஈய நச்சுச் சாவு வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈயம் போனது நல்லது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஈயத்தில் நம்பர் 4 சுட்டுப் பழகியவன் நான். ஸ்டீலில் எது அதற்கு இணை?

நம்பர் 2. இரண்டு நம்பர் பெரிதாகப் போ என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்லும் பழைய கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிராம், ஸ்டீலுடையது 7.8 சொச்சம். நம்பர் 4 ஈய ரவை ஒன்று ஏறக்குறைய 0.21 கிராம் இருக்கும். அதே நம்பரில் ஸ்டீல் 0.15 கிராம்தான். நம்பர் 2 ஸ்டீலுக்கு வந்தால் 0.23 கிராம் ஆகி, பழைய எடைக்கு வந்துவிடுகிறோம்.

ஆனால் எடை சரியானாலும் உருவம் பெரிதாகிவிட்டது. அதனால் காற்று அதை அதிகம் தடுக்கும், வேகம் சீக்கிரம் வடியும். 25 கெஜத்தில் ஈயத்துக்கும் ஸ்டீலுக்கும் வித்தியாசமே தெரியாது. 45 தாண்டினால் நன்றாகத் தெரியும்.

சரி, 2-ஆ 4-ஆ? இதில் ஏன் இவ்வளவு சண்டை?

இரண்டு பக்கமும் பாதி உண்மை இருப்பதால்தான். பறந்து வரும் வாத்து உடனே விழ வேண்டும் என்றால் இரண்டு விஷயம் நடக்க வேண்டும். போதுமான எண்ணிக்கையில் ரவை அதன் மேல் பட வேண்டும். பட்டது இறகையும் நெஞ்சுச் சதையையும் தாண்டி இதயம், நுரையீரல் வரைக்கும் போக வேண்டும். சின்ன ரவை எண்ணிக்கையைத் தரும், பெரிய ரவை ஆழத்தைத் தரும். தோட்டாவுக்குள் இடம் ஓரளவுதான், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். 1¼ அவுன்ஸ் ஸ்டீலில் நம்பர் 4 போட்டால் சுமார் 240 ரவை. நம்பர் 3 என்றால் 190, நம்பர் 2 என்றால் 155, பிபி என்றால் வெறும் 90. 25 கெஜத்தில் கால் நீட்டி இறங்கும் வாத்தை நம்பர் 4 பிரமாதமாக வீழ்த்தும். அந்தத் தூரத்தில் அதற்கு வேகம் நிறைய மிச்சமிருக்கும், ரவையும் நெருக்கமாக வரும். 35 கெஜம் தாண்டும்போது 4 தளர ஆரம்பிக்கும். நம்பர் 2 அங்கேயும் உள்ளே இறங்கும். ஆனால் அதற்கு சோக்கும் (குழல் வாயின் குறுக்கம்) பேட்டர்னும் (ரவை பரவும் விதம்) ஒழுங்காக இருக்க வேண்டும். நம்பர் 3 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். கடைகளில் 2-உம் 4-உம்தான் குவிந்து கிடக்கும், 3-ஐத் தேடித்தான் வாங்க வேண்டும். தேடுகிற அலைச்சல் வீண்போகாது.

இந்தச் சண்டையில் யாரும் பேசாத ஒன்று கோணம். டிக்காய்க்கு இறங்கும் வாத்து நமக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு, சிறகை விரித்து, கழுத்தை நீட்டி வரும். ரவை நேராக உயிர்நிலைக்குப் போகும். அதே வாத்து பயந்து திரும்பி மேலே ஏறும்போது காட்டுவது முதுகையும் பின்பக்கத்தையும்தான். அங்கே ரவை முதுகெலும்பு, குடல் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நொடியும் தூரம் கூடுகிறது. அதனால் சிலர் முதல் தோட்டா நம்பர் 4, அடுத்த இரண்டும் நம்பர் 2 என்று அடைப்பார்கள். யோசனை சரியானதுதான். ஆனால் புதியவர்கள் மூன்றிலும் ஒரே ரவையைப் போடுங்கள். முதல் குண்டை நல்ல கோணத்தில் சுடக் கற்றுக்கொண்டால் மூன்றாவது குண்டுக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது.

தூரத்தை எப்படிக் கணிப்பது? வானத்தில் அளவுகோலா இருக்கிறது?

டிக்காய்தான் அளவுகோல். தோட்டா நம்பரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் பொம்மையை எங்கே வைப்பது என்பதை அவசர அவசரமாக முடித்துவிடுகிறார்கள். பலன் அங்கேதான் இருக்கிறது.

வாத்து எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி மறைவை அமையுங்கள். பொம்மைகளை இரண்டு கும்பலாகப் பிரித்து, நடுவில் 15, 20 கெஜத்துக்கு வெறும் தண்ணீர் விடுங்கள். வாத்து அந்த இடைவெளியில்தான் இறங்கப் பார்க்கும். இடைவெளியின் நடு உங்கள் துப்பாக்கியிலிருந்து 25 கெஜத்துக்குள் இருக்கட்டும். கடைசிப் பொம்மை 35 கெஜம். அதை நடந்து அளந்து வையுங்கள், அல்லது ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரம் அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள். கருக்கலில் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லும் தூரம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். தண்ணீர்ப் பரப்பில் எல்லாமே கிட்டத்தில் இருப்பது போலத் தோன்றும்.

அப்புறம் விதி எளிது. கடைசிப் பொம்மைக்கு இந்தப் பக்கம் வந்தால் சுடலாம். அந்தப் பக்கம் இருந்தால் துப்பாக்கி மடியிலேயே இருக்கட்டும். ஆண் மல்லார்டின் கழுத்தில் உள்ள வெள்ளை வளையமும், விரிந்த ஆரஞ்சு நிறக் கால் விரல்களும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு வர விடுங்கள். உயரத்தில் வட்டமடிக்கும் கூட்டத்தை ஆசையில் சுட்டுப் பார்ப்பவர்கள் பக்கத்து மறைவில் இருப்பவர்களின் காலைப் பொழுதையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். அதைவிட மோசம், ஓரிரு ரவையை வயிற்றில் வாங்கிக்கொண்டு பறந்துபோய் எங்கோ சாகும் வாத்து. எந்தப் பெரிய ரவையும் இதற்குப் பரிகாரம் ஆகாது.

காட்டுக்குள் சுடுவதற்கும் நெல் வயலில் சுடுவதற்கும் வேறு வேறு ரவையா?

ஆமாம். அமெரிக்க நெல் விளைச்சலில் ஏறக்குறைய பாதி ஆர்கன்சாவிலிருந்து வருகிறது. அறுவடை முடிந்த வயலில் மீண்டும் தண்ணீர் கட்டுவார்கள். சிந்திய நெல்லுக்கு வாத்து வரும். ஸ்டட்கார்ட் ஊரைச் சுற்றி இந்த வேட்டை ஊர்த் திருவிழா மாதிரி, 1936 முதல் அங்கே வாத்துக் குரல் எழுப்பும் போட்டிகூட நடக்கிறது. வயல் வெட்டவெளி. பறவை தயங்கித் தயங்கி வரும், 30, 35 கெஜத்திலேயே சுட நேரலாம். அங்கே நம்பர் 2 அல்லது 3.

தண்ணீர் தேக்கிய ஓக் காட்டில் மரத்தில் சாய்ந்து நின்று சுடுவது வேறு விதம். கிளைகளுக்கு நடுவே ஓட்டை மாதிரி ஒரு திறப்பு, அதன் வழியாக வாத்து சுழன்று இறங்கும். தூரம் 20, மிஞ்சினால் 30 கெஜம். அங்கே நம்பர் 4 போதும், சோக்கையும் தளர்த்திவிடுங்கள்.

டீல் போன்ற சின்ன வாத்துக்கு?

ஸ்டீலில் 6 அல்லது 4. பல மாநிலங்களில் செப்டம்பரிலேயே டீலுக்குத் தனிப் பருவம் உண்டு. உடம்பு சின்னது, இறகு மெல்லியது. எண்ணிக்கைதான் அங்கே முக்கியம்.

கூஸ் என்ற பெருவாத்து வந்தால்?

கனடா கூஸ் பெரிய உடம்பு, தடித்த இறகு. டிக்காய்க்கு மேலே 40 கெஜத்துக்குள் பிபி. ஸ்னோ கூஸுக்கு நம்பர் 2 முதல் பிபி வரை. வாத்துக்காக நம்பர் 2 அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கூஸ் வந்து இறங்கினால், 30 கெஜத்துக்குள் வரவிட்டுத் தலையும் கழுத்தும் குறிவைத்துச் சுடுங்கள், போதும். அதற்கு மேல் தூரம் என்றால் விட்டுவிடுங்கள்.

எந்த சோக்?

ஸ்டீல் கடினமானது. குழலுக்குள் நசுங்காமல் உருண்டையாகவே வெளியே வருவதால் ஈயத்தைவிட இறுக்கமாகப் போகும். ஈயத்துக்கு ஃபுல் போட்ட இடத்தில் ஸ்டீலுக்கு மாடிஃபைட், மாடிஃபைட் போட்ட இடத்தில் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் (ஃபுல் மிக இறுக்கம், மாடிஃபைட் நடுத்தரம், இம்ப்ரூவ்ட் சிலிண்டர் தளர்வு). டிக்காய் வேட்டைக்கு இந்த இரண்டைத் தவிர எதுவும் தேவையில்லை. ஸ்டீலுக்கு ஏற்றது என்று குறிப்பிடாத ஃபுல் சோக்கில் பெரிய ஸ்டீல் ரவையைச் சுடாதீர்கள். குழல் வாய் வீங்கிப்போகும்.

காகிதத்தில் சுட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அவசியமா?

கட்டாயம். ஒரே பெட்டித் தோட்டா இரண்டு துப்பாக்கியில் இரண்டு விதமாகப் பரவும். நான்கு அடிச் சதுரக் காகிதத்தை அட்டையில் ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, 35 கெஜத்திலிருந்து அந்தப் புள்ளியைச் சுடுங்கள். பிறகு ரவை மிக அடர்த்தியாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போடுங்கள். அதற்குள் உள்ள துளைகளை எண்ணுங்கள், எண்ணியதைப் பேனாவால் குறித்துக்கொண்டே போங்கள், இல்லையென்றால் குழம்பும். ஒரு தடவை சுட்டு முடிவுக்கு வராதீர்கள், ஒவ்வொரு சோக்குக்கும் நாலைந்து காகிதமாவது வேண்டும்.

மல்லார்டுக்கு வட்டத்துக்குள் 90 துளை இருந்தால் நான் திருப்தி அடைவேன். 1¼ அவுன்ஸ் நம்பர் 2-இல் 155 ரவை இருக்கிறது, அதில் 60 சதவீதம் விழுந்தாலே கணக்கு வந்துவிடும். எண்ணிக்கையோடு நிறுத்தாமல், வட்டத்துக்குள் எங்கே வெற்றிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். உள்ளங்கையை விரித்து வைத்தால் ஒரு துளையும் படாத இடங்கள் இரண்டு மூன்று இருந்தால், வாத்தும் அந்தச் சந்தில் தப்பும். சோக்கை மாற்றுங்கள், அல்லது அடுத்த சின்ன ரவைக்கு மாறுங்கள். புள்ளிக்கும் வட்டத்தின் நடுவுக்கும் அரை அடி இடைவெளி இருந்தால் துப்பாக்கி உங்கள் தோளுக்குப் பொருந்தவில்லை. இதைத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

3½ அங்குலத் தோட்டா வாங்கினால் இன்னும் நல்லதா? பெட்டியில் 1,700 அடி வேகம் என்று போட்டிருக்கிறார்களே?

டிக்காய் வாத்துக்குத் தேவையில்லை. தோள் வலிக்கும், வலிக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பீர்கள், குறி தவறும். வேகமும் அப்படித்தான். குழல் வாயிலிருந்து நொடிக்கு 200 அடி கூடுதலாகக் கிளம்பும் ஸ்டீல், காற்றின் தடையால் 40 கெஜம் போவதற்குள் அந்த ஆதாயத்தில் பெரும்பங்கை இழந்துவிடும். உதையும் பேட்டர்ன் சிதறலும் மட்டும் நமக்கு மிஞ்சும். 1,450 அடியைச் சுற்றி வரும் தோட்டாவில் 3 அங்குலம் நல்ல நடுநிலை. கிட்டத்தில் என்றால் 2¾ அங்குலமே போதும்.

மனைவியும் வருகிறாள், அவளிடம் 20 கேஜ்தான். வாத்து விழுமா?

தாராளமாக விழும். ரவை குறைவு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ⅞ அவுன்ஸில் நம்பர் 2 போட்டால் 110 ரவைக்குள்தான், வட்டத்தில் ஓட்டை விழும். நம்பர் 4 போட்டால் 165 வரும். 3 அங்குலத் தோட்டாவில் நம்பர் 3 அல்லது 4, தூரம் 30 கெஜம். அவர்களை இடைவெளிக்கு நேராக நடுவில் உட்கார வையுங்கள். அனுபவசாலிகள் ஓரத்தில் இருந்து சமாளித்துக்கொள்ளலாம்.

பிஸ்மத், டங்ஸ்டன் எல்லாம் காசுக்குத் தகுமா?

பிஸ்மத்தின் அடர்த்தி 9.6, ஸ்டீலுக்கும் ஈயத்துக்கும் நடுவில். பிஸ்மத் நம்பர் 4 ஒன்று ஏறக்குறைய ஸ்டீல் நம்பர் 3-இன் எடை, உருவம் சின்னதாக இருப்பதால் இன்னும் ஆழமாக இறங்கும். வாத்துக்கு 4 அல்லது 5 வாங்கலாம். டிஎஸ்எஸ் என்ற டங்ஸ்டன் ரவை அடர்த்தி 18. அதில் நம்பர் 7 ஒன்றே ஸ்டீல் நம்பர் 4-இன் எடை. விலை பல மடங்கு.

30 கெஜத்தில் இறங்கும் வாத்துக்கு ஸ்டீலே போதும், மிச்சக் காசுக்கு நாலு நல்ல டிக்காய் வாங்குங்கள். பிஸ்மத்துக்கு ஒரு இடம் உண்டு: தாத்தா காலத்துப் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அந்தக் குழல்கள் ஸ்டீலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல, உள்ளே கீறல் விழும், வாய் வீங்கும். பிஸ்மத் மென்மையானது, ஈயம் போலவே போகும். முதலில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டுச் சுடுங்கள்.

அடிபட்டு நீந்துகிற வாத்தை என்ன செய்ய?

மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முடியுங்கள். புதுக் கூட்டம் தலைக்கு மேல் வந்தாலும் சரி. அடிபட்ட வாத்து உடம்பைத் தண்ணீரில் அமுக்கி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நழுவும். அந்தச் சின்ன இலக்குக்கு நம்பர் 6 அல்லது 7 ஸ்டீல்தான் சரி. கோட்டின் ஒரு பையில் அதற்கென்று நாலு தோட்டா தனியாக வையுங்கள். சுடும் முன் நாய் எங்கே, கூட வந்தவர் எங்கே என்று பார்த்துவிடுங்கள். தண்ணீரில் பட்ட ரவை தெறித்துப் போகும். விழுந்த பறவையைத் தேடி எடுக்க முயல்வது சட்டப்படியும் கடமை.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி தொடலாமா?

பொதுவாகத் தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதில் விலக்கு உண்டு. உரிமம் வாங்காமல் நண்பரின் துப்பாக்கியைக்கூடக் கையில் எடுக்காதீர்கள். உங்கள் நிலைமையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமத்தோடு, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மத்திய அரசின் வாத்து முத்திரை வேண்டும், 25 டாலர். 1934-இல் தொடங்கிய இந்த முத்திரைக் காசில்தான் சதுப்பு நிலங்கள் வாங்கிப் பாதுகாக்கப்படுகின்றன. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருக்க வேண்டும். சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து அஸ்தமனம் வரைதான் நேரம். ஒரு நாளைக்கு எத்தனை, எந்த இனம், பெண் வாத்து எத்தனை என்ற வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த மாநிலத்தின் அந்த வருடக் கையேட்டைப் படியுங்கள்.

இதை ஊருக்குப் போகும்போது செய்யலாமா?

கூடாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவது குற்றம்.

போன வருடத் தோட்டா மிச்சம் இருக்கிறது. சுடலாமா?

உலர்ந்த இடத்தில் இருந்தால் சுடலாம். ஈரப் பையிலேயே கிடந்ததா? காதருகே வைத்துக் குலுக்குங்கள், வெளியே பித்தளையில் பச்சையோ துருவோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீல் துருப் பிடித்து ரவைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால், ஒரே குண்டு போலக் கிளம்பிக் குழலைக் கெடுக்கும். சந்தேகமாக இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கறியில் ரவை கிடந்தால்?

ஸ்டீல் ரவையைக் கடித்தால் பல்தான் உடையும். இறகு பிடுங்கியதும் தோலில் நீலம் பாரித்த புள்ளிகளைத் தேடுங்கள், ரவை நுழைந்த இடம் அது. ரவை இறகையும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும், கத்தி முனையால் கீறி இரண்டையும் எடுங்கள். நெஞ்சுக் கறியைத் துண்டு போட்டபின் ஒரு வலுவான காந்தத்தை மெதுவாக மேலே ஓட்டினால், தப்பிய ஸ்டீல் ரவை இருக்கும் இடத்தில் லேசாக இழுக்கும். பிஸ்மத்தும் ஈயமும் காந்தத்துக்கு அகப்படாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குப் பரிமாறும் துண்டுகளைக் கையால் பிய்த்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.